எந்த ஏட்டில், யார் பெயர்?

திண்ணைத் தொழில் – 11

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கொள்ளிடப் பாலத்துக்கு முன்னால் இருக்கிறது திருமானூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். அக்கரையில் இறங்கினால் தஞ்சை மாவட்டம். பொம்மை, ஓவியம், வீணை என்று கைத்தொழிலுக்குப் பேர்போன மண். இக்கரையில் சிமெண்ட் ஆலைகளின் பெயரைச் சொல்லித்தான் மாவட்டத்தை அடையாளம் காட்டுகிறார்கள். ஆனால் ஆலைகளின் கணக்கில் வராத தொழில்கள் இங்கேயும் வீடுதோறும் நடக்கின்றன. கூடை முடைவது, சட்டிப்பானை வனைவது, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வது, களிமண் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என எல்லாமே திண்ணையிலும் கொல்லையிலும் முடிந்துவிடும் தொழில்கள்.

கைவினைப் பொருளுக்கு விலை வைக்கும் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். பொருளும் விலையும் தயாரானதும் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி ஒன்றுதான்: “லைசென்ஸ் எங்கே வாங்கணும்?”

“கைவினைஞர் லைசென்ஸ்” என்று தனியாக ஒரு காகிதம் கிடையாது. அப்படி ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான்கைந்து அலுவலகங்களில் நான்கைந்து ஏடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை. எந்த மூலப்பொருளால் செய்கிறீர்கள், எந்த இடத்தில் செய்கிறீர்கள், யார் செய்கிறார், யாருக்கு விற்கிறீர்கள் என்ற நான்கையும் முதலில் தெளிவாக்கிக்கொண்டால், போக வேண்டிய அலுவலகம் எது, போகவே வேண்டாத அலுவலகம் எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பழைய ஏடுகளின் பயம்

காகிதம் என்றாலே கைத்தொழில் செய்கிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். அறியாமை என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் குயவருக்குக் குசக்காணம், நெசவாளருக்குத் தறியிறை, பொற்கொல்லருக்குத் தட்டார்ப்பாட்டம், எண்ணெய் ஆட்டுபவருக்குச் செக்கிறை என்று தொழில்வாரியாக வரிகள் வருகின்றன. பின்னால் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயரும் தறிக்கும் கைத்தொழிலுக்கும் வரி வாங்கினார்கள். கைவினைஞரின் பெயர் ஏட்டில் ஏறினால் அவரிடமிருந்து ஏதோ ஒன்று பிடுங்கப்படும் என்பதே தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம்.

இன்றைய ஏடுகளில் பெரும்பாலானவை வேறு நோக்கம் கொண்டவை. பெயர் இருந்தால் கடன், மானியம், பாக்கி வசூலிக்கும் உரிமை, விபத்து உதவி எல்லாம் வரும். பெயர் இல்லாவிட்டால் எதுவும் வராது. இந்த மாற்றத்துக்காக ஒரு போராட்டமே நடந்திருக்கிறது. 1972-இல் அகமதாபாத்தில் எலா பட், சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்காக ‘சேவா’ அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனார். முதலாளியே இல்லாத பெண்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கிறார்கள் என்று தொழிலாளர் துறை தயங்கியது. யாரையும் எதிர்ப்பதற்கு அல்ல, ஒன்றுசேர்வதற்கே சங்கம் என்று வாதாடி அந்த ஆண்டே பதிவு பெற்றார். வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. சட்டம் முழுதாக வந்து சேராத இடத்தில் நம் கையில் இருப்பவை இந்தச் சின்னச் சின்னப் பதிவுகள்தான்.

முதல் கேள்வி: மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

உரிமம் என்றதும் எல்லோரும் விற்கும் இடத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். கைவினைஞருக்குச் சிக்கல் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால், மூலப்பொருளிலேயே தொடங்கிவிடுகிறது.

மண்பாண்டத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக் களிமண் சட்டப்படி சிறுகனிமம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இல் வந்தவை. விவசாயத்துக்கும் வீட்டுத் தேவைக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி, குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்க அந்த விதிகளில் இடம் உண்டு. மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கன மீட்டர் வரை. முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டியிருந்தது. 2024 ஜூலை முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு எளிதாக்கியது. திருமானூர்க்காரர்களுக்கு அது அரியலூர் வட்டாட்சியர் அலுவலகம்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மண் எடுக்க அனுமதிக்கப்பட்ட நீர்நிலைகளின் பட்டியல் மாவட்ட அரசிதழில் வரும். அந்தப் பட்டியலில் உள்ள ஏரியில்தான் எடுக்கலாம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கரைவெட்டி ஏரிக்கு வண்டியை விடக்கூடாது. அது பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே வனவிலங்குச் சட்டம் நிற்கிறது. மூன்றாவது, இந்த அனுமதி ஏரி, குளங்களுக்கு மட்டும். கொள்ளிடத்து ஆற்று மணல் முற்றிலும் வேறு விவகாரம். அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் டிராக்டர் பிடிபட்டால், சட்டிப்பானை விற்றுச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஆகவே மண்பாண்டத் தொழிலாளிக்கு முதல் உரிமம் வட்டாட்சியர் தருகிற இந்தச் சீட்டுதான்.

மரவேலை செய்பவர்களுக்கு, மரம் வாங்கிய பில்லே பாதி உரிமம். சந்தனம் போன்ற மரங்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு துண்டுகூட வாங்கக்கூடாது. பனையோலை வேலை செய்பவர்கள் ஓலையோடு நிற்கலாம். மரத்தையே வெட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எங்கே செய்கிறீர்கள்?

திருமானூர் பேரூராட்சியும் அல்ல, நகராட்சியும் அல்ல; கிராம ஊராட்சி. ஆகவே இங்கே பேச வேண்டியது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். சுற்றுப்புறத்துக்குத் தொந்தரவு தரக்கூடிய சில தொழில்களை நடத்தும் இடத்துக்கு உரிமமும், விசையால் ஓடும் இயந்திரத்தை நிறுவுவதற்கு அனுமதியும் அந்தச் சட்டம் கேட்கிறது. கையால் கூடை முடைகிறவருக்கும் ஊசியால் ஆரி வேலை செய்கிறவருக்கும் இதில் பெரிய சுமை இல்லை. மோட்டார் வைத்த கடைசல் இயந்திரம், மரம் அறுக்கும் ரம்பம், பெரிய சூளை என்று போனால் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு தொடங்குவதே நல்லது.

கிராம ஊராட்சிகளில் எல்லாக் கடைகளும் தொழில்களும் உரிமம் பெறுவதற்கு 2025-இல் அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. வணிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் அவற்றை நிறுத்திவைத்தது. இத்தகைய விதிகள் வரும், போகும், மாறிய வடிவில் மறுபடி வரும். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு முடிவெடுக்காமல், உங்கள் ஊராட்சிச் செயலரிடம் இன்றைய நிலையைக் கேளுங்கள். கட்டணம் என்று எது கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

இடத்தோடு சேர்ந்தது மின் இணைப்பு. வீட்டு இணைப்பில் பெரிய மோட்டார் ஓட்டுவது தவறு, அபராதம் விழும். குடிசைத் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் தனி மின்கட்டண வகை உண்டு. வீட்டில் தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். ஜெயங்கொண்டம் பக்கம் தறி போடும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். வகை தெரிந்து விண்ணப்பித்தால் மாதச் செலவு குறையும்.

மூன்றாவது கேள்வி: யார் செய்கிறார்?

இங்கேதான் உத்யம் பதிவு வருகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பதிவு இது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். இதே பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் போலித் தளங்கள் இணையத்தில் நிறைய உண்டு. முகவரியின் முடிவில் ‘ஜிஓவி டாட் இன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பான் எண்ணோ ஜிஎஸ்டியோ இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கு 2023 ஜனவரி முதல் ‘உத்யம் அசிஸ்ட்’ என்ற வழியும் இருக்கிறது. வங்கிகள் மூலம் பதியலாம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் கவனமாக நிரப்ப வேண்டும். உற்பத்தியா, சேவையா, வர்த்தகமா என்று அது கேட்கும். இணைய மையங்களில் அவசரத்தில் ‘வர்த்தகம்’ என்று தட்டிவிடுவது உண்டு. நீங்கள் வாங்கி விற்பவர் அல்ல, உண்டாக்குகிறவர். ‘உற்பத்தி’ என்றே பதியச் சொல்லுங்கள். தேசியத் தொழில் வகைப்பாட்டில் மரம், மூங்கில், கூடை, பாய் போன்றவை 16-ஆம் பிரிவில் வரும். மண்பாண்டம் 23-இல், நகை, இசைக்கருவி, பொம்மை 32-இல் வரும்.

ஒரு கட்டத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு? பட்டணத்துக் கடைக்காரர் நூறு பொம்மை எடுத்துக்கொண்டு “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்பார். அடுத்த மாதம் ஆறு மாதமாகும். உத்யமில் உற்பத்தியாளராகப் பதிந்த குறுந்தொழிலுக்கு அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஆயுதம் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதத்துக்கு மாதம் கூட்டுவட்டி. புகாரை இணையத்திலேயே பதியலாம். வாங்கி விற்பவராகப் பதிந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அதைவிட முக்கியமானது, பதிவில் ஏறும் பெயர். பல வீடுகளில் முடைவதும் தைப்பதும் தீட்டுவதும் பெண். பதிவு செய்யப் போவது ஆண். இப்படித்தான் நடக்கும்:

“அண்ணே, தொழிலுக்கு உத்யம் எடுக்கணும்.”

“வீட்டுக்காரர் ஆதாரைக் கொண்டாங்கக்கா, அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்.”

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இருபது ஆண்டு உழைப்பு வேறொருவர் பெயருக்குப் போய்விடுகிறது. பெண் தொழில்முனைவோருக்கான கடன், மானியம், கண்காட்சியில் இடம் எல்லாம் அந்தப் பெயரைப் பின்தொடர்ந்தே வரும். செய்கிறவர் எவரோ அவர் ஆதார், அவர் வங்கிக் கணக்கு, அவர் கைப்பேசி எண். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உத்யம் தொழிலுக்கான ஏடு. கைவினைஞர் என்ற ஆளுக்கு வேறு ஏடுகள் உண்டு. ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தரும் ‘பெஹ்சான்’ அட்டை, கண்காட்சிகளுக்கும் பயிற்சிகளுக்கும் வழி திறக்கும். தொழிலாளர் துறையின் கீழ் மண்பாண்டம், கைவினை, தையல், ஓவியம், பொற்கொல்லர் என்று தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன. 18 முதல் 60 வயது வரை சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால் நல வாரிய அட்டை வாங்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான யோசனை.

கடனுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்தொழிலாகச் செய்பவர் என்ற நிபந்தனை குலத்தொழிலுக்குத் திரும்பத் தள்ளும் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 25 தொழில்களுக்குத் தன் திட்டத்தை 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 5 விழுக்காடு வட்டி மானியம் வேறு. எந்தச் சாதியும் தடையில்லை. 35 வயதும் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும். படிக்கிற வயதில் பிள்ளைகள் தொழிலுக்குள் இழுக்கப்படக்கூடாது என்பதற்காக வைத்த வயது வரம்பு அது, நோக்கம் சரி. ஆனால் கைக்குழந்தையோடு வீட்டில் ஆரி வேலை செய்யும் 27 வயதுப் பெண் இதற்கு வெளியே நிற்கிறார். அவருக்கு முத்ரா கடனும் 18 வயதிலேயே விண்ணப்பிக்கக்கூடிய பிற திட்டங்களும் உண்டு. தொழில் மையத்தில் “வயசு பத்தாது” என்ற ஒரு பதிலோடு திரும்பிவிடாமல், “அப்ப எனக்கு எது பொருந்தும்?” என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது கேள்வி: யாருக்கு விற்கிறீர்கள்?

ஜிஎஸ்டி என்ற பெயரைக் கேட்டே பாதிப்பேர் விற்பனையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்கு விற்றால் சாதாரணமாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு இதில் விலக்கு இருக்கிறது. அரசு அறிவித்த பட்டியலில் உள்ள பொருட்களானால், 20 லட்சம் வரை பதிவின்றியே வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம். பான் எண்ணும், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில்லும் வேண்டும். பெங்களூருக் கடைக்கு ஒரு பெட்டி பொம்மை அனுப்பத் தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணைய அங்காடிகளிலும் ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு. விற்பனை ஒரே மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். திருமானூரில் இருந்துகொண்டு சென்னை, கோவை வாடிக்கையாளருக்கு அனுப்ப இது போதும்.

பெயருக்கும் எல்லை உண்டு

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் அரும்பாவூர், தழுதாழை ஊர்களின் மரச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்தவை. 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தன. அதனால் திருமானூரில் மரம் செதுக்கும் ஒருவர் “எல்லாம் நம்ம ஜில்லாதானே” என்று தன் சிற்பத்தில் அரும்பாவூர் பெயரை ஒட்டக்கூடாது. குறியீட்டின் எல்லையைப் பழைய மாவட்ட வரைபடம் தீர்மானிப்பதில்லை; சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் ஏடுதான் தீர்மானிக்கிறது.

அரும்பாவூர்ச் சிற்பிக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஊருக்குக் குறியீடு வந்ததால் மட்டும் தனி மனிதருக்கு உரிமை முழுமையாவதில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சிற்பியும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தன் பெயரைப் பதிய வேண்டும். இதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்க் கட்டணம் பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. தெரிந்தவர்கள் பக்கத்துப் பட்டறைக்கும் சொல்லுங்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நாள்

வரிசையைச் சுருக்கிச் சொல்கிறேன். மூலப்பொருளுக்கான அனுமதி அல்லது பில். இயந்திரம் இருந்தால் ஊராட்சியும் மின்வாரியமும். செய்கிறவர் பெயரில் உத்யம், நல வாரியம், கைவினைஞர் அட்டை. அதன்பிறகு தேவைப்பட்டால் கடன். விற்பனை வளர்ந்தால் ஜிஎஸ்டி. இந்த வரிசையில் போனால் செலவு மிகக் குறைவு, பெரும்பாலானவை இலவசம். தலைகீழாக, முதலில் ஜிஎஸ்டி எண் வாங்கிக்கொண்டு, விற்பனையே இல்லாத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்ய முடியாமல் தாமதக் கட்டணம் கட்டுவது தேவையில்லாத துன்பம்.

ஆனால் வரிசையைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் கைவினைஞர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. வட்டாட்சியர் அலுவலகமும் மாவட்டத் தொழில் மையமும் தொழிலாளர் துறையும் தனித்தனி இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை இழந்துதான் பேருந்து ஏற வேண்டும். ஆகவே ஒரு கோரிக்கையை இந்தத் தொடர் வழியாக வைக்கிறேன். திருமானூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மாதம் ஒரு நாள், இந்த மூன்று துறைகளின் ஊழியர்களும் ஒரே கூடத்தில் உட்காரட்டும். ஆதாரோடும் செய்த பொருளோடும் வருகிறவரின் பெயர் அன்றே எல்லா ஏடுகளிலும் ஏறட்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. இருக்கிற ஊழியர்கள், இருக்கிற கூடம், ஒரு தேதி போதும். கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வாசகர்கள் முன்வர வேண்டும். அப்படிக் கொண்டுவருகிற பெண்கள் தீர்மானப் புத்தகத்தில் தங்கள் பெயரையே எழுதிக் கையெழுத்திடட்டும்.

அடுத்த வாரம்: வட்டாட்சியருக்கும் தொழில் மையத்துக்கும் மனு எழுதுவது எப்படி, மறுத்தால் யாரிடம் முறையிடுவது?